வெயில் கடலுக்கு நடுவே ஒரு தேரை

சிறுசெவித் தேரை, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பாதிக்கு மட்டுமே சொந்தமான உயிர். உலகில் வேறெங்கும் அது கிடையாது. ஆனைமலை, மூணாறு, பழனிமலை என்று உயரமும் ஈரமும் குளிரும் சேர்ந்திருக்கும் இடங்களில்தான் அதன் பதிவுகள் பெரும்பாலும் கிடைத்திருக்கின்றன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய விலங்கியலாளர் ஜார்ஜ் ஆல்பர்ட் பூலாஞ்சே 1882-இல் அதை முதன்முதலாக விவரித்தார். அப்போது மற்றத் தேரைகளோடு சேர்த்து அதையும் பூஃபோ என்ற பெரிய பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2006-இல் அந்தப் பேரினத்தைப் பிரித்தபோது, தெற்காசியத் தேரைகள் பலவற்றுக்கு இந்தியத் தவளை ஆய்வாளர் சுஷில் குமார் தத்தாவின் பெயரால் டுட்டாஃப்ரைனஸ் என்ற புதிய பேரினம் அமைந்தது. டுட்டாஃப்ரைனஸ் மைக்ரோடிம்பானம் என்பது இன்றைய பெயர். 2004-இல் உலகெங்கும் உள்ள நீர்நில வாழ்விகளை ஒட்டுமொத்தமாக மதிப்பிட்ட ஐ.யூ.சி.என். செம்பட்டியல், இதை ‘அழிவாய்ப்பு இனம்’ என்ற வகையில் சேர்த்தது. ‘அருகிய இனம்’ என்ற நிலைக்கு ஒரு படி முந்தையது அது.

இந்தத் தேரை ஒரு தீவுவாசி. அதன் தீவைச் சுற்றி இருப்பது தண்ணீர் அல்ல, வெயில். அந்த வெயில் கடல் எப்படிப்பட்டது என்பதைப் பார்க்கக் கேரள எல்லையில், பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகும் வழியில் இருக்கும் மீனாட்சிபுரம் நல்ல இடம். சோதனைச் சாவடி, ரயில் நிலையம், தென்னந்தோப்பு, பனை, ஓரளவு கரிசல் மண். சித்தூர் வட்டாரத்தின் இந்தக் கிழக்கு ஓரம், கேரளத்திலேயே மழை குறைந்த பகுதிகளில் ஒன்று. ஊரிலிருந்து தெற்கே திரும்பினால் ஆனைமலைத் தொடர் சுவர் வைத்ததுபோல நிற்கும். வடக்கே பாலக்காட்டுக் கணவாயின் மறுகரையில் நீலகிரியும் சைலண்ட் வேலியும். கிட்டத்தட்டக் குமரிமுனை வரை ஓடும் மலைத்தொடரில் இத்தனை அகலமான உடைப்பு வேறு இல்லை. சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு நிலம் 300 மீட்டருக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

உயரம் 1,000 மீட்டர் கூடினால் காற்றின் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும். இந்தக் கணக்கில் பார்த்தால், சமவெளியில் மே மாத வெயில் கொளுத்தும்போது 2,000 மீட்டர் உயரத்தில் அதைவிட 12 டிகிரி குறைவாக இருக்க வேண்டும். மூணாறை அடுத்த இரவிகுளம் புல்வெளிகளில் ஜனவரி விடியற்காலையில் உறைபனி படிவதுண்டு. ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர். இமயமலைக்குத் தெற்கே இந்தியாவில் அதைவிட உயர்ந்த சிகரம் இல்லை. இந்த உயரங்களில் பள்ளத்தாக்கு மடிப்புகளில் குட்டை மரங்கள் அடர்ந்த சோலைக்காடும், மேட்டில் புல்வெளியுமாக நிலம் விட்டுவிட்டுக் கிடக்கிறது. பாசி மூடிய கிளைகள், எப்போதும் சொட்டிக்கொண்டிருக்கும் மூடுபனி, சருகுக்கு அடியில் கறுத்த ஈரமண். ஈரத்தோலால் மூச்சுவாங்கும் ஒரு பிராணிக்கு இது சொர்க்கம். அதே பிராணி மீனாட்சிபுரத்தின் கோடைக்கு இறங்கிவந்தால் தாக்குப்பிடிக்காது. உயிரியலாளர்கள் இத்தகைய மலையுச்சி வாழிடங்களை வான்தீவுகள் என்கிறார்கள்.

கணவாய் உண்மையிலேயே கடல்போலத்தான் வேலை செய்கிறது என்பதற்குப் பறவைகளே சாட்சி. சோலைக்காட்டுத் தரையில் தத்தித் திரியும் சிறு நீலப் பறவை ஒன்று உண்டு. கணவாய்க்கு வடக்கே இருப்பதற்கு விலாவில் செம்பழுப்பு நிறம்; தெற்கே இருப்பதற்கு வெள்ளை வயிறு. மரபணு ஆய்வு இரண்டும் வெவ்வேறு இனம் என்று உறுதிசெய்தது. 2017-இல் அவற்றுக்கென்றே சோலிகோலா என்ற பேரினமும் உருவானது. சிறகுள்ள பறவையே கடக்காத இடத்தைத் தேரை எப்படிக் கடக்கும்? ஆனாலும் சிறுசெவித் தேரைக்குக் கணவாயின் இரு பக்கமும் பதிவுகள் இருக்கின்றன. பழைய குளிர்காலகட்டங்களில் மலைக்காடுகள் இன்றைவிடத் தாழ்வாக இறங்கியிருந்தபோது பரவி, வெப்பம் கூடியபோது அங்கங்கே மேலே ஒதுங்கியிருக்க வேண்டும் என்பதே பொருத்தமான விளக்கம். இன்று அந்தக் கூட்டங்கள் தனித்தனி.

தோற்றம்

சமவெளியில் வீட்டு வாசல் விளக்கடியில் பூச்சி பிடிக்கும் சாதாரணத் தேரையைத் தெரிந்தவர்களுக்கு மலைத்தேரையை அடையாளம் காண்பது எளிது. வேறுபாடுகளை மட்டும் பார்த்தால் போதும். சாதாரணத் தேரையின் தலையில் கண்ணுக்கு மேலும் முன்னும் பின்னும் எலும்பு மேடுகள் வரப்புபோல ஓடும். அவற்றின் விளிம்பு மையிட்டதுபோலக் கறுத்திருக்கும். சிறுசெவித் தேரையின் தலையில் இந்த வரப்புகள் மங்கலானவை, தாழ்ந்தவை. கறுப்பு விளிம்பின் அழுத்தமும் இல்லை. உச்சந்தலை ஏறத்தாழச் சமதளமாகவே தெரியும்.

அடுத்தது செவி. தவளைக்கும் தேரைக்கும் வெளிக்காது கிடையாது. கண்ணுக்குப் பின்னால் தோலோடு தோலாக ஒரு வட்டச் சவ்வு தெரியும், அதுதான் செவிப்பறை. சாதாரணத் தேரைக்கு அது பெரியது, தொலைவிலேயே கண்ணில் படும். சிறுசெவித் தேரைக்கோ கண்ணின் விட்டத்தில் பாதிகூட இருக்காது. சொரசொரப்பான தோலுக்கு நடுவில் அதைத் தேடித்தான் பார்க்க வேண்டும். தேரைக் குடும்பத்துக்கு இதில் ஒரு வினோதமான வரலாறு இருக்கிறது. உலகெங்கும் அதன் பல கிளைகள் நடுச்செவியையும் செவிப்பறையையும் தனித்தனியே, பலமுறை இழந்திருக்கின்றன. கூவி இணை தேடும் பிராணிகள் கேட்கும் உறுப்பை ஏன் கைவிட வேண்டும் என்ற கேள்வி ஆய்வாளர்களை இன்னும் விடவில்லை.

செவிக்குப் பின்னால், தோளுக்கு மேலே, புடைத்த நீள்வட்டச் சுரப்பிகள் இரண்டு. எதிரி கவ்வினால் இவற்றிலிருந்து பால்போன்ற நச்சு கசியும். இதயத்தைத் தாக்கும் பூஃபாடையனோலைடு என்ற வேதிப்பொருள்கள் அதில் உண்டு. நாய் ஒன்று தேரையைக் கவ்விவிட்டு நுரைதள்ளித் தலையை உதறுவதற்குக் காரணம் இதுதான். தொட்டால் மனிதருக்குச் சொறி வரும் என்பது மட்டும் வெறும் பழி. தொட்ட கையால் கண்ணைத் தேய்க்காமல் இருந்தால் போதும்.

முதுகில் ஒழுங்கற்ற மருக்கள். நிறம் பழுப்பு, செம்பழுப்பு, சில சமயம் கரும்பழுப்பு. ஈரச் சருகின் மேல் அசையாமல் உட்கார்ந்தால் சருகோடு சருகு. வயிறு வெளிறியது. முன்னங்காலில் முதல் விரல் இரண்டாவதைவிட நீளம். பின்னங்கால் விரல்களுக்கு இடையே சவ்வு ஓரளவுக்கு மட்டும். நீச்சலைவிட நடைக்கும் குட்டைத் தாவலுக்கும் ஏற்ற கால். உடல் உள்ளங்கைக்குள் அடங்கும். பெண் ஆணைவிடப் பெரியது. இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் முன்விரல்களில் கறுத்த சொரசொரப்பு தோன்றும், வழுக்கும் பெண்ணின் மேல் பிடி நழுவாமல் இருக்க.

எல்லாத் தேரைகளுக்கும் பொதுவான சில உடற்கூறுகளும் இதற்கு உண்டு. வாயில் பல் கிடையாது. ஒட்டும் நாக்கால் பூச்சியை இழுத்து விழுங்கும்போது கண்களை மூடும். கண்விழிகள் உள்ளே அமுங்கி இரையைத் தொண்டைக்குள் தள்ள உதவுகின்றன. தண்ணீரை வாயால் குடிப்பதில்லை. தொடையிடுக்கிலும் வயிற்றடியிலும் உள்ள மெல்லிய தோலை ஈரமண்ணில் பதித்து உட்கார்ந்தாலே போதும், நீர் உள்ளே ஏறிவிடும். ஆண் தேரையின் விந்தகத்தை ஒட்டி வளராத சூலகம் ஒன்று இருப்பதும் இந்தக் குடும்பத்தின் தனி முத்திரை.

தேரையைப் பற்றிய நம்பிக்கைகளுக்குத் தென்னை நாட்டில் பஞ்சமில்லை. உள்ளே பருப்பில்லாமல் சூம்பிப்போன தேங்காயைத் ‘தேரை விழுந்த காய்’ என்பது கொங்குப் பக்கத்திலும் பாலக்காட்டு எல்லையிலும் பழகிய பேச்சு. தரைத்தேரை தென்னை ஏறாது என்பது யாருக்கும் தெரியாததல்ல. பேரூட்ட, நுண்ணூட்டக் குறைவும் சரியான மகரந்தச் சேர்க்கை இல்லாததும் காயைச் சூம்ப வைப்பவை. ஆனால் மேற்கு மலைகளில் மரமேறும் தேரை ஒன்று நிஜமாகவே உண்டு. மலபார் மரத்தேரை எனப்படும் அதற்கு விரல்நுனிகள் தட்டையாக விரிந்திருக்கும். அதுவும் காட்டு மரத்தில் ஏறுமே ஒழிய, தோப்புக்கு வராது.

வாழிடம்

சிறுசெவித் தேரை தரைவாசி. பகலில் அதைப் பார்க்கப் பெயர்ந்து கிடக்கும் கல்லையோ விழுந்த மரத்துண்டையோ புரட்ட வேண்டும். புல்வெளியில் பாறைக்கு அடியிலும், சோலைக்காட்டில் சருகுக்கு அடியிலும், வேர் இடுக்கிலும் பதுங்கியிருக்கும். இருட்டிய பிறகு, அதிலும் சாரல் விழும் இரவுகளில், வெளியே வந்து எறும்பு, கறையான், வண்டு என்று எது நகர்ந்தாலும் விழுங்கும். இரை நகராவிட்டால் அதன் கண்ணில் படாது. காட்டின் நடுவைவிடக் காடும் புல்லும் கலக்கும் ஓரங்களில் இத்தகைய பிராணிக்கு எல்லாம் கைக்கெட்டும்: ஒளிய நிழல், மேய வெளி, முட்டையிட ஓரத்தில் தேங்கும் நீர்.

முட்டைகள் நீளமான வழுவழுப்பான சரங்களாக ஆழமில்லாத தண்ணீரில் கிடக்கும். ஓடைக் கரையில் ஒதுங்கிய குட்டை, மழையில் நிரம்பிய பள்ளம் போன்ற இடங்கள் அதற்கு ஏற்றவை. பொரிந்து வரும் தலைப்பிரட்டைகள் சிறியவை, கறுத்தவை. பாசியைச் சுரண்டித் தின்று வளரும். குளிர்ந்த நீரில் வளர்ச்சி மெதுவாகவே நடக்கும் என்பதால் குட்டை வற்றாமல் சில வாரம் தாக்குப்பிடிப்பது முக்கியம். தென்மேற்குப் பருவமழை இந்த மலைகளுக்கு அதை உறுதிசெய்து வந்திருக்கிறது.

தேயிலைத் தோட்டத்தையும் இது முழுக்க ஒதுக்கிவிடவில்லை. வால்பாறை, மூணாறு பக்கம் தோட்டத்துக் கான்களிலும் (வடிகால்களிலும்), ஏலக்காய்க் காட்டின் நிழலிலும், ஓடைக்கரையில் விட்டுவைத்த மரக்கூட்டங்களிலும் தேரைகள் இருக்கின்றன. ஏலத்தோட்டத்தில் மேல்மரங்களை முழுக்க வெட்டுவதில்லை. நிழலும் சருகும் மிஞ்சுகின்றன. தேயிலையில் அதுவும் இல்லை. பச்சையாகத் தெரியும் நிலமெல்லாம் காடாகிவிடாது என்பதைத் தேயிலை மலைகளைப் போல வேறெதுவும் காட்டாது.

கடல் தாண்டிய உறவு

நிஜமான கடலுக்கு நடுவே உள்ள தீவிலும் இதே தேரை இருக்கிறது என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். இலங்கையின் ஈரமான தென்மேற்குக் காடுகளில் கிடைத்த, சிறிய செவிப்பறை கொண்ட ஒரு தேரைக்கும் இந்திய மலைத்தேரையின் பெயரே வழங்கிவந்தது. 1998-இல் கெலும் மனமேந்திர ஆராச்சியும் ரோகன் பெத்தியாகொடவும் இலங்கைத் தவளைகளை மறுபரிசீலனை செய்தபோது அது வேறு இனம் என்று பிரித்து, நோலெர்ட்டி என்று பெயரிட்டார்கள். சிங்கராஜக் காட்டோடு சேர்த்துப் பேசப்படும் கொட்டகமத் தேரையும் இலங்கைக்கே உரியது, 1994-இல் விவரிக்கப்பட்டது. பாக் நீரிணை ஆழமற்றது. கடல்மட்டம் தாழ்ந்த பனியுகக் காலங்களில் இந்தியாவும் இலங்கையும் நிலத்தால் இணைந்தே இருந்தன. ஆனாலும் இரு பக்கத்துத் தவளைகளும் தேரைகளும் கலக்கவில்லை என்பதை 2000-க்குப் பிந்தைய மரபணு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. நடுவே இருந்த வறண்ட சமவெளியே தடையாக இருந்திருக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் செய்யும் அதே வேலை.

தீவுத் தேரைகளின் நிலை எவ்வளவு நூலிழையில் தொங்கக்கூடும் என்பதற்கு இலங்கையிலேயே ஓர் உதாரணம். கண்டிக் குறுந்தேரையை ஆல்பர்ட் குந்தர் 1872-இல் விவரித்தார். 1876-க்குப் பிறகு யாரும் அதைப் பார்க்கவில்லை. 2004-இல் செம்பட்டியல் அதை அற்றுப்போன இனம் என்றே அறிவித்துவிட்டது. 2009-இல் சிவனொளிபாதமலைக் காட்டில், பாய்ந்தோடும் ஓர் ஓடைக்கரையில் அது மீண்டும் கண்ணில் பட்டது. செய்தி 2012-இல் வெளியானது. பின்னர் 2015-இல் வந்த ஆய்வு, அதற்குள் வேறு பெயரில் அறியப்பட்டிருந்த மற்றொரு தேரையும் இதுவும் ஒன்றே என்று நிறுவியது. அதாவது ‘அற்றுப்போன’ தேரை வேறு முகவரியில் உயிரோடுதான் இருந்திருக்கிறது. அருங்காட்சியகப் போத்தலில் நிறம் வெளுத்த பழைய மாதிரியை வைத்துக்கொண்டு இனம் பிரிப்பதில் உள்ள சிக்கல் இது. மலபார் என்ற ஒற்றைச் சொல்லைத் தவிர இடக்குறிப்பே இல்லாத பத்தொன்பதாம் நூற்றாண்டு மாதிரிகள் மேற்கு மலைகளிலிருந்தும் எத்தனையோ போயிருக்கின்றன.

பாலக்காட்டு மாவட்டத்துக்கே உரிய பெருமை ஒன்றும் இந்தக் குடும்பத்தில் உண்டு. சைலண்ட் வேலியில் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டலாமா என்ற விவாதம் நாட்டையே உலுக்கிய ஆண்டுகளில், இந்திய விலங்கியல் ஆய்வகத்தைச் சேர்ந்த பிள்ளையும் பட்டாபிராமனும் அங்கிருந்து துருநிறத் தேரை ஒன்றை 1981-இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார்கள். மெலிந்த கால்கள், தோளுக்கு மேல் நச்சுச் சுரப்பி இல்லை, பாயும் மலையோடைகளை விட்டு விலகாது. மலேயா, போர்னியோ தீவுக் காடுகளின் ஓடைத்தேரைகள் சேர்ந்த அன்சோனியா பேரினத்தில் அதை வைத்தார்கள். தீவுக் கூட்டத்தின் உறவுக்காரி பாலக்காட்டு மலையில் எப்படி என்ற புதிர் 2009-இல் விடுபட்டது: சத்யபாமா தாஸ் பிஜுவும் சக ஆய்வாளர்களும் மரபணுவைப் பார்த்து, அது போர்னியோவுக்கு உறவில்லை, மேற்கு மலையிலேயே உருவான தனிக் கிளை என்று காட்டி, காட்டோஃப்ரைன் என்ற புதிய பேரினத்தை அமைத்தார்கள். ஒரேமாதிரியான ஓடை ஒரேமாதிரியான உடலைச் செதுக்கியிருக்கிறது. அணை வரவில்லை, சைலண்ட் வேலி 1984-இல் தேசியப் பூங்காவானது. துருநிறத் தேரையும் அழிவாய்ப்பு இனமாகவே மதிப்பிடப்பட்டது.

ஆபத்துகள்

ஆனைமலைப் பக்கம் அணைகளிலிருந்து தப்பவில்லை. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் நீராறு, சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு என்று மேற்கே பாயும் ஆறுகளைச் சுரங்கங்களாலும் அணைகளாலும் பிணைத்துக் கிழக்கே திருப்பியது. 1970-இல் கையெழுத்தான இருமாநில ஒப்பந்தப்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்குத் தர வேண்டும். மீனாட்சிபுரத்தை ஒட்டிய மூலத்தறை மதகிலிருந்து சித்தூர் வயல்களுக்குப் போவது அந்தத் தண்ணீர்தான். எல்லையின் இருபுறமும் அந்தப் பங்கைப் பற்றி நடக்கும் சண்டை ஆண்டு தவறாத செய்தி. அந்த நீரைப் பிடித்துவைத்துச் சிறுகச் சிறுக விடும் சோலையும் புல்லும் அந்தச் செய்திகளில் அதிகம் இடம்பெறுவதில்லை. தேரையின் வீடும் அவையே.

வாழிடம் சுருங்கிய கதை அணைகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மூணாறிலும், அந்த நூற்றாண்டின் முடிவில் வால்பாறையிலும் தோட்டங்கள் வந்தன. மேட்டுப் புல்வெளிகளைத் தரிசென்று கருதி அரசே அங்கு சீகை மரமும் யூகலிப்டஸும் நட்டது. பழனிமலையில் மட்டும் 1973-க்கும் 2014-க்கும் இடையே புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு சொல்கிறது. அந்த இடத்தைப் பிடித்தவை பெரும்பாலும் அயல் மரங்களும் விவசாயமும். மரம் நட்டதால் ஒரு வாழிடம் அழிந்தது என்பதை ஏற்றுக்கொள்ள வனத்துறைக்கும் பொதுமக்களுக்கும் இன்னும் தயக்கம் இருக்கிறது.

தோட்டத்தில் தெளிக்கும் பூச்சிக்கொல்லி மழையில் கரைந்து கானில் இறங்குகிறது. தலைப்பிரட்டை வளர்வது அந்தக் கானில். தோலால் நீர் உறிஞ்சும் பிராணிக்கு இதைவிட நேரான நஞ்சு வழி இருக்க முடியாது.

சாலை இன்னொன்று. ஆனைமலைச் சாலைகளில் வண்டியில் அடிபட்டுச் சாகும் ஊர்வன, நீர்நில வாழ்விகளைக் கணக்கெடுத்த ஆய்வு 2001-இலேயே வெளிவந்தது. மழை இரவுகளில் தவளைகளும், மண்ணுக்குள் வாழும் காலில்லாத சிசிலியன்களும் தாரில் நசுங்குவது அதில் பதிவாகியிருக்கிறது. முட்டையிட ஓடையைத் தேடிப்போகும் தேரை சாலையை அவசரமாகக் கடப்பதில்லை. ஈரமான தார்ச்சாலையில் உட்கார்ந்து பூச்சியும் பிடிக்கும். முட்டை சுமந்த ஒரு பெண் செத்தால் போவது ஓர் உயிரல்ல, ஒரு சரம் முழுவதும். விடுமுறை நாட்களில் மூணாறுக்கும் வால்பாறைக்கும் இரவு நேரத்தில் ஏறும் வண்டிகள் பருவமழைக் காலத்திலும் பெருகியிருக்கின்றன.

வெப்பம் உயர்வது இவை எல்லாவற்றுக்கும் மேல். சமவெளி இனங்களுக்குச் சூடு தாளாமல் போனால் மலையேற இடம் உண்டு; வாசல் விளக்கடிச் சாதாரணத் தேரையை மலை நகரங்களிலும் ஏற்கெனவே பார்க்கலாம். இரண்டாயிரம் மீட்டரில் வாழ்வதற்கு அப்படி ஏறிப்போக மிச்சம் இருப்பது சில நூறு மீட்டர்தான். மேலே போகப்போகப் பரப்பும் குறைந்துகொண்டே வரும், மலை கூம்பு வடிவம் என்பதால்.

காப்பு இல்லாமல் இல்லை. இரவிகுளம் 1978 முதல் தேசியப் பூங்கா. ஆனைமுடிச் சோலை, பாம்பாடுஞ்சோலை, மதிகெட்டான்சோலை மூன்றையும் 2003-இல் கேரள அரசு தேசியப் பூங்காக்களாக அறிவித்தது. தமிழகப் பக்கம் ஆனைமலையும், கேரளப் பக்கம் பரம்பிக்குளமும் புலிகள் காப்பகங்கள். வரையாட்டுக்கும் புலிக்கும் வகுத்த எல்லைக்குள் தேரையும் நிழல்பெறுகிறது. எல்லைக்கு வெளியே தேயிலைக்கு நடுவில் தப்பிநிற்கும் ஓடைக்கரைக் காடுகளில் உள்ளவற்றுக்கு அந்த நிழல் இல்லை. வால்பாறையில் தோட்ட நிறுவனங்களின் இசைவோடு அத்தகைய காட்டுத் துண்டுகளில் உள்ளூர் மரக்கன்றுகளை நட்டு மீட்கும் பணி 2000-களின் தொடக்கத்திலிருந்து நடந்துவருகிறது. ஓடைக்கரையில் சில மீட்டர் அகலத்துக்குத் தேயிலையை ஒதுக்கிவைப்பது, அந்தப் பட்டையில் மருந்து தெளிக்காமல் விடுவது, ஜூன் முதல் நவம்பர் வரை மழை இரவுகளில் மலைச்சாலை வண்டிகளைக் கட்டுப்படுத்துவது ஆகியவை தேரைக்கென்று தனியாகச் செய்யக்கூடிய, பெரிய செலவில்லாத வேலைகள்.